பாக்கியம் திறக்கக் கேட்ட ஜன்னல்

எங்கள் வீட்டில் முதலில் இருமியது நான் அல்ல. இந்த ஒரு வரியை டாக்டரிடம் சொல்ல எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதற்குள் என் மூச்சு பாதியாகிவிட்டிருந்தது. இன்னொரு பெண்ணின் மூச்சு அதற்கும் முன்பே கெட்டுப்போயிருந்தது.

வீட்டைச் சுத்தம் செய்யும்போது நெஞ்சு இறுகுவதாக உணர்கிறவர்கள் பலர் இருப்பார்கள். ஏதோ சளி, ஏதோ தூசி என்று மருந்துக் கடைக்குப் போவார்கள். நானும் அப்படித்தான் போனேன். உங்களில் யாராவது ஒருவர் என்னைவிடச் சீக்கிரம் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும் என்று இதை எழுதுகிறேன். என்னை நல்லவளாகக் காட்டும் இடங்கள் இதில் குறைவு.

எண்பதுகளின் கடைசியில், ஜார்ஜ் டவுனை ஒட்டிய ஜெலுத்தோங்கில் ஒரு வரிசை வீடு வாங்கிக் குடிபோனோம். நானும் கணவர் நடேசனும் மட்டும். பிள்ளைகள் இல்லை. நான் ஆரம்பப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. அவர் துறைமுக அலுவலகத்தில் கிளார்க். வீட்டுக்கு முன்னால் பெரிய சாலை. லாரிகள் போகும்போது ஜன்னல் கண்ணாடியில் தூசி படியும். அதனால் முன்பக்க ஜன்னல்களை மூடியே வைத்தேன். படுக்கையறையில் ஏர்கான் போட்ட பிறகு பின்பக்க ஜன்னல்களையும் மூடினேன்.

சுத்தம் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. வெள்ளிக்கிழமை பஜனைக்கு வரும் பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூச்சை இழுத்து, தவமணி வீடு ஆஸ்பத்திரி மாதிரி மணக்கிறது என்பார்கள். அதைக் கேட்பதற்காகவே நான் வெள்ளிக்கிழமைகளில் கூடுதலாக ஊற்றச் சொல்வேன். தரைக்கு ஒரு திரவம், கண்ணாடிக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, எல்லாம் முடிந்ததும் காற்றில் அடிக்கும் மல்லிகை ஸ்ப்ரே ஒன்று. சுத்தத்துக்கு ஒரு வாசனை உண்டு என்றே அப்போது நம்பினேன்.

ஊற்றச் சொல்வேன் என்று எழுதினேன். ஊற்றியவர் பாக்கியம்.

பாக்கியம் நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்தவர். தோட்டத்தை எண்ணெய்ப்பனைக்கு மாற்றியபோது வேலை போய், ஜார்ஜ் டவுனில் தங்கையின் ஃபிளாட்டுக்கு வந்து தங்கினார். புருஷன் முன்பே இறந்துவிட்டார். வாரத்தில் மூன்று காலை என் வீட்டிலும், மற்ற நாட்களில் எங்கள் வரிசையிலேயே இன்னும் இரண்டு வீடுகளிலும் வேலை செய்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என் கணவர் அவரை அக்கா என்று கூப்பிடுவார். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

குளியலறைத் தரையில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போனது. ப்ளீச் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, ஆசிட் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டு மடங்கு வேலை செய்யும் என்று எனக்கு நானே கணக்குப் போட்டேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு வாளியில் இரண்டையும் ஊற்றிக் காட்டி, இனிமேல் வெள்ளிக்கிழமைதோறும் இப்படித்தான் தேய்க்க வேண்டும் என்று பாக்கியத்திடம் சொன்னது நான்.

நான் எப்போதும் பெரிய கேனில் வாங்கி, கைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று பழைய சிரப் பாட்டில்களில் ஊற்றி வைப்பேன். பாக்கியத்தின் கைக்குப் போன பாட்டிலில் திராட்சைப் படம்தான் இருந்தது. எச்சரிக்கை எழுதியிருந்த கேன் ஸ்டோர் அறையில், என் கண்ணுக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

மூன்றாவதோ நான்காவதோ வெள்ளிக்கிழமை அவர் குளியலறையிலிருந்து வெளியே வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"டீச்சர், பின்னால ஜன்னல கொஞ்சம் தொறந்து வெச்சுக்கவா? மண்டைக்கு ஏறுது லா."

"தொறந்தா ரோட்டுத் தூசி பூரா உள்ள வந்துரும் பாக்கியம். சீக்கிரம் முடிச்சிட்டு வெளிய வந்துரு."

பின்பக்க ஜன்னலுக்கு வெளியே சாலை கிடையாது. அங்கே இருந்தது சாக்கடைச் சந்து. தூசி வர வழியே இல்லை. இதை நான் அப்போது யோசிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. யோசித்தேன். வாசனை போய்விடுமே என்றுதான் திறக்க விடவில்லை. அன்று மாலை பஜனை இருந்தது.

சில மாதங்களில் பாக்கியம் இருமத் தொடங்கினார். வறட்டு இருமல். துணி காயப்போடும்போது பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வார். எனக்கு முதலில் வந்த எண்ணம் காசநோய். தோட்டத்திலிருந்து வந்தவர், நெரிசலான ஃபிளாட்டில் இருப்பவர், உடம்பு மெலிந்தவர். அந்த நோயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். அவருக்கென்று தனி டம்ளர் எடுத்து வைத்தேன். எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னேன்.

அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அரசாங்க கிளினிக்குக்குப் போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். மூன்று நாள் காலைச் சளியையும் வாங்கிச் சோதித்தார்கள். காசநோய் இல்லை என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து காட்டினார். நான் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நம்பவில்லை. ஆரம்பத்தில் தெரியாது, பிறகுதான் தெரியும் என்று யாரோ சொன்னது நினைவில் இருந்தது. அல்லது நம்பாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

தீபாவளி முடிந்த வாரம் அவரை நிறுத்தினேன். உடம்பைப் பார்த்துக்கொள், தேறியதும் வா என்று சொன்னேன். அப்படிச் சொன்னால் அது நிறுத்துவது போலத் தெரியாது என்று நினைத்தேன். அவர் கேட்டுக்கு வெளியே போய், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சற்று நேரம் நின்றார். என் எதிரில் இருமக் கூடாது என்று அடக்கிக்கொண்டிருந்தார் என்பது இப்போது புரிகிறது.

அதோடு விட்டிருக்கலாம். அவர் வேலை செய்த மற்ற இரண்டு வீட்டுக்காரிகளிடமும், உங்கள் நல்லதுக்குச் சொல்கிறேன் என்று தொடங்கி, டிபியாக இருக்கலாம் என்று சொல்லிவைத்தேன். அவர்களும் நிறுத்திவிட்டார்கள். அது எனக்குத் தெரிந்தபோது, பொறுப்பாக நடந்துகொண்டதாகவே நினைத்தேன்.

பிறகு வீட்டை நானே சுத்தம் செய்தேன். சனிக்கிழமை காலை முழுவதும் அதற்குத்தான். அந்த வாளியும் அதே கலவையும் இப்போது என் கைக்கு வந்தன.

புது வருஷப் பள்ளி தொடங்கிய இரண்டாவது வாரம், வகுப்பில் வருகைப் பதிவைப் படிக்கும்போது ஒரு பெயரின் நடுவில் குரல் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். மறுபடி நின்றது. அதிலிருந்து திங்கட்கிழமைகளில் இருமல் அதிகமாகவும் வெள்ளிக்கிழமைக்குள் குறைவாகவும் இருந்தது. பள்ளிக்குப் பக்கத்துக் கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பிறகு இருமல் மருந்து. பிறகு வேறொரு ஆன்டிபயாடிக்.

பாக்கியத்திடமிருந்து தொற்றிக்கொண்டது என்று முடிவு செய்தேன். அந்த ஏழைப் பெண்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

நானும் எக்ஸ்ரே எடுத்தேன். ஒன்றும் இல்லை.

சீனப் பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை. மறுநாள் கணவரின் அலுவலக நண்பர்கள் வருவதாக இருந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வழக்கத்தைவிட அதிகமாக இரண்டையும் வாளியில் ஊற்றினேன். வாளியிலிருந்து இளமஞ்சளாக ஏதோ எழும்பியதுபோல் இருந்தது. அடுத்த மூச்சு உள்ளே போகவில்லை. தொண்டைக்குள் யாரோ கையை விட்டுப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. கண்ணில் நீர் கொட்டியது. கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தரையில் கையை ஊன்றித் தடவித் தடவி வெளியே வந்து விழுந்தேன்.

நடேசன் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் முதலில் செய்த காரியம் பின்பக்க ஜன்னல்களைத் திறந்தது. பிறகு என்னைத் தூக்கிக் காரில் போட்டார். போகும் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாக்கியம் அக்காவும் இப்படித்தானே இருமினாங்க, தவம்?"

என்னால் பேச முடியாத நிலை. ஆனாலும் தலையை இல்லை என்று அசைத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் முகத்தில் ஒரு மூடியைப் பொருத்தி நெபுலைசர் (மருந்தைப் புகைபோல் ஆக்கிச் சுவாசிக்க வைக்கும் கருவி) வைத்தார்கள். அரை மணி நேரத்தில் மூச்சு கொஞ்சம் வந்தது. இளம் டாக்டர் ஒருவர், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எதையாவது முகர்ந்தீர்களா என்று கேட்டார்.

சோப்புப் போட்டுக் குளியலறை கழுவினேன் என்றேன்.

நடேசன் கட்டிலின் மறுபக்கம் நின்றார். என்னைப் பார்த்தார். வாளியில் என்ன இருந்தது என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. எனக்குத் தெரியும். அப்போது ஏன் பொய் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கலவையைச் சொன்னால் இதற்கு முன் யார் அதைத் தொட்டார்கள் என்ற கேள்வி வரும். அவருக்கு இருமல் இருந்ததா என்ற கேள்வி வரும். ஜன்னலைத் திறந்து வைத்தீர்களா என்று கேட்பார்கள். முதல் கேள்வியிலேயே நிறுத்திவிட்டால் மீதிக் கேள்விகள் வராது என்று ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்.

மூன்று நாள் வார்டில் இருந்து வீடு திரும்பினேன். இரண்டையும் கலப்பதை நிறுத்தினேன். ஆனால் ப்ளீச்சைத் தனியாகப் போட்டேன், ஸ்ப்ரே அடித்தேன், ஜன்னலை மூடினேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிட்டால், தவறு அதில்தான் இருந்தது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தப் பிடிவாதத்தின் விலையை நுரையீரல் கொடுத்தது. மார்ச் மாதத்துக்குள் மாடி வகுப்புக்கு ஏற இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது.

நெஞ்சுநோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க சீனப் பெண் டாக்டர். அதிகம் பேசமாட்டார். ஆஸ்துமா (மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கி, காற்று தடைப்படும் நோய்) என்றார். நாற்பது வயதுக்கு மேல் திடீரென்று வருவதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்றும் சொன்னார். இன்ஹேலர் (மருந்தை உள்ளிழுக்கும் சிறு குழல்) எழுதிக்கொடுத்தார். ஒரு பிளாஸ்டிக் குழாயையும் தந்தார். அதில் பலமாக ஊதினால் முள் நகர்ந்து ஒரு எண்ணைக் காட்டும். காலையும் மாலையும் ஊதி எழுதி வைக்கச் சொன்னார். எங்கே இருந்தேன், என்ன செய்தேன் என்பதையும் பக்கத்திலேயே எழுதச் சொன்னார்.

நான் எண்களை ஒழுங்காக எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் வீட்டு வேலை என்று மட்டும் எழுதினேன்.

ஜூன் விடுமுறையில் தைப்பிங்கில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் இருந்தேன். பழைய பலகை வீடு. சுவரில் இடைவெளி, கூரையில் இடைவெளி. தரையைத் தண்ணீரும் சோப்பும் போட்டுத் துடைப்பார்கள். எங்கும் காற்று. போகும்போது இருநூற்றுப் பத்தில் இருந்த முள், நாளுக்கு நாள் ஏறி முந்நூற்று நாற்பதைத் தொட்டது. நானும் அக்காவும் மாலையில் ஏரிக்கரையில் நடந்தோம். நடந்துகொண்டே பேச முடிந்தது. வீடு திரும்பிய மூன்றாம் நாள் மறுபடி இருநூற்று முப்பது.

டாக்டர் அந்த நோட்டைப் பார்த்தார். பேனாவால் எண்களை இணைத்து ஒரு கோடு போட்டார். கோடு மலைபோல் ஏறி இறங்கியது. அதை என் பக்கம் திருப்பினார்.

"டீச்சர், உங்கள் வீடுதான் உங்களை நோயாளியாக்குகிறது," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "அங்கே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியாது."

அப்போதுதான் சொன்னேன். ப்ளீச், ஆசிட், வாளி, மூடிய ஜன்னல், ஸ்ப்ரே. சொல்லிக்கொண்டே வந்து, எங்கள் வீட்டில் முதலில் இருமியது நான் அல்ல என்றும் சொன்னேன். பாக்கியத்தின் பெயரைச் சொல்லும்போது இருமல் வந்தது. நிஜமாகவே வந்ததா, நான் வரவழைத்துக்கொண்டேனா தெரியவில்லை.

டாக்டர் திட்டவில்லை. ப்ளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு (மூச்சுக்குழாயின் உள்தோலைப் பொசுக்கும் நச்சுக்காற்று) வெளிவரும் என்று விளக்கினார். மூடிய அறையில் ஒருமுறை நிறையச் சுவாசித்தாலும், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சுவாசித்தாலும் அந்தத் தோல் புண்ணாகி, பிறகு சின்ன வாசனைக்குக்கூடச் சுருங்கிக்கொள்ளும் என்றார். எவ்வளவு சீக்கிரம் விலகுகிறோமோ, எவ்வளவு சீக்கிரம் மருந்து தொடங்குகிறோமோ, அவ்வளவு திரும்பக் கிடைக்கும். பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"அந்த அம்மா இப்போது எங்கே?"

தெரியாது என்றேன். தேடிப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

அன்று மாலை நடேசனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்டோர் அறையிலிருந்து இரண்டு கேன்களையும் எடுத்து வந்து முற்றத்தில் வைத்து, என்னை வாசிக்கச் சொன்னார். ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதியிருந்தது. காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தவும். மற்ற துப்புரவுப் பொருட்களுடன், முக்கியமாக அமிலத்துடன் கலக்க வேண்டாம். எளிய ஆங்கிலம். என் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் வாசித்துவிடுவார்கள்.

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாளைக்கு அக்காவைத் தேடிப் போவோம்," என்று மட்டும் சொன்னார்.

பாக்கியத்தின் தங்கை செல்லம்மா இருந்த ஃபிளாட் எனக்குத் தெரியும். பள்ளிக்குப் போகும் பஸ் தினமும் அதன் கீழே நின்று போகும். எட்டாம் மாடி. லிஃப்ட் ஏழாவதில்தான் நிற்கும். கடைசி மாடியை ஏறிவிட்டு, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். செல்லம்மா உள்ளே இருந்து பார்த்தார். கதவைத் திறக்கவில்லை.

"நீங்கதானே டீச்சர், அக்காவுக்கு டிபின்னு சொன்னது?"

எங்கள் வரிசையில் நான் சொன்ன சொல், அங்கே வேலை செய்யும் மற்றவர்கள் வழியாக, பாக்கியம் போய்ச் சேர்வதற்கு முன்பே இந்த மாடிக்கு வந்து சேர்ந்திருந்தது. செல்லம்மாவுக்கு மூன்று சின்னப் பிள்ளைகள். அவர் புருஷன் ஜுருவில் தொழிற்சாலை வேலை. இரண்டு அறை வீடு. பாக்கியத்தை ஒரு வாரம் நடைபாதையில் படுக்க வைத்து, பிறகு தோட்டத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றபடியே சொன்னேன். அக்காவுக்குக் காசநோய் இல்லை. அவர் இருமியது என் வீட்டுக் குளியலறையில் நான் கலக்கச் சொன்ன மருந்தால். எனக்கும் அதே நோய்தான் வந்திருக்கிறது. நான் சொன்னது பொய். பக்கத்து வீட்டுக் கதவில் ஒரு பெண் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் கேட்கட்டும் என்று நினைத்து, குரலைத் தாழ்த்தாமல் பேச முயன்றேன். குரல்தான் வரவில்லை. பாதியை நடேசன் சொல்லி முடித்தார்.

செல்லம்மாவின் புருஷன் பனியனோடு எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

"அக்கா அந்த எக்ஸ்ரே தாள காட்டுனாங்க டீச்சர். நாங்கதான் நம்பல. படிச்சவங்க சொல்றாங்க, சும்மாவா சொல்லுவாங்கன்னு இருந்துட்டோம்."

என் வாழ்க்கையில் பலர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அவர் திட்டவில்லை. இன்றுவரை நான் கேட்டதில் மிகக் கடுமையான வார்த்தை அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடற்பாலத்தைத் தாண்டி நிபோங் திபாலுக்குப் போனோம். நகரத்தைக் கடந்து செம்மண் பாதையில் எண்ணெய்ப்பனைகளுக்கு நடுவே போனால் பழைய தோட்ட வீடுகளின் வரிசை. பாதி வீடுகளில் ஆள் இல்லை. பாக்கியம் பின்பக்கம் விறகு அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். எழும்போதே இருமல் பிடித்துக்கொண்டது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். எனக்குத் தொற்றிவிடக் கூடாதாம்.

"மூட வேணாம் அக்கா," என்றேன். அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் அது எவ்வளவு மலிவாகக் கேட்டது என்று எனக்கே தெரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்துவிட்டு, பொறுமையாகக் கேட்டார். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"எனக்கு அப்பவே தெரியும் டீச்சர். வெள்ளிக்கிழம ஒங்க வீட்டுக்கு வந்தா இருமும். ஞாயித்துக்கெழம கொறஞ்சிரும். ரெண்டு மூணு மாசம் அப்படித்தான். அப்பறம் கொறையவே இல்ல."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

"ஜன்னல தொறக்கவான்னு கேட்டேன்லா."

தம்பி மனைவி வர ஓ காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஒரே மாதிரி மூன்று கண்ணாடி டம்ளர்கள். நாங்கள் மூவரும் பால் இல்லாத அந்தக் காப்பியைக் குடித்தோம். நான் குடித்து முடிக்க நேரமாயிற்று.

என்னோடு வந்து டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். தங்கை வீட்டுக்குத் திரும்பலாம், அவர்களிடம் சொல்லிவிட்டேன் என்றேன். நல்லபடியாக ஆனதும் எங்கள் வீட்டுக்கே வந்து இருக்கலாம் என்றும் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தை ஏன் வந்தது என்று தெரியவில்லை. மன்னிப்பைச் சீக்கிரம் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்ற அவசரமாக இருக்கலாம்.

"டாக்டர்கிட்ட வர்றேன் டீச்சர். ஒங்க வீட்டுக்கு வரமாட்டேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பாசாருக்கு வருகிறேன், மீன் வேண்டாம் என்பதுபோல் சொன்னார்.

டாக்டர் பாக்கியத்தோடு மலாயில் பேசினார். என்னிடம் பேசியதைவிட அதிக நேரம் பேசினார். குழாயில் ஊதச் சொன்னபோது முள் நூற்று அறுபதில் நின்றது. எட்டு மாதம் மருந்து இல்லை. மருந்து இல்லாததோடு விறகுப் புகையும் சேர்ந்திருந்தது. சில மாதங்கள் இன்ஹேலர் போட்டு, தங்கை வீட்டுக் காஸ் அடுப்புக்கு மாறிய பிறகு அது இருநூற்று முப்பது வரை ஏறியது. அதற்குமேல் ஏறவில்லை. டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். இருமல் தொடங்கியபோதே விலக்கி மருந்து கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இதைவிட நன்றாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு என்றார். என்னை ஆறுதல்படுத்த அவர் முயலவில்லை. அதற்கு நான் இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

வீட்டில் செய்தது சிறிய காரியம்தான். கேன்களை மூடி இறுக்கி, டவுன் கவுன்சில் ஆட்களிடம் கேட்டு அப்புறப்படுத்தினோம். சிரப் பாட்டில்களை எறிந்தோம். தரைக்குச் சாதாரணச் சோப்பும் வெந்நீரும். குளியலறைக்குச் சோடா மாவைத் தூவித் தேய்ப்பது, அது போதாத இடத்தில் இன்னொரு நாள் கொஞ்சம் வினிகர். ஒரு நேரத்தில் ஒன்றுதான். எது வாங்கினாலும் அது வந்த புட்டியிலேயே இருக்கும், அதில் எழுதியிருப்பதை முதலில் வாசிப்பேன். கழுவுவதற்கு முன் ஜன்னலைத் திறப்பேன், கழுவி முடித்து ஈரம் காயும்வரை மூடமாட்டேன். சுவரில் ஒரு காற்று விசிறியும் பொருத்தினோம். ஸ்ப்ரேயை விட்டதுதான் கடினமாக இருந்தது. இருமலோடு இருக்கும் யாருக்கும் இதைச் சொல்வேன்: உங்கள் வீட்டில் சுத்தத்துக்கு வாசனை இருந்தால், அது என்ன வாசனை என்று பாருங்கள். டாக்டர் கேட்கும்போது எல்லாவற்றையும் சொல்லுங்கள். வீட்டில் வேலை செய்பவர் இருமினால், அவருக்கு என்ன நோய் என்று யோசிப்பதற்கு முன், அவர் கையில் நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று யோசியுங்கள்.

பழுப்புக் கறை போகவில்லை. எங்கள் குளியலறையில் இப்போதும் இருக்கிறது.

என் வரிசையில் உள்ள அந்த இரண்டு வீட்டுக்காரிகளிடமும் போய் நான் சொன்னது தவறு என்று சொன்னேன். ஒருத்தி, அதெல்லாம் பழைய கதை, விடுங்கள் என்றாள். இன்னொருத்தி, நீங்கள்தானே சொன்னீர்கள் என்று நினைவூட்டினாள். இரண்டு வீட்டிலும் புது வேலைக்காரர்கள் இருந்தார்கள். பாக்கியம் பிறகு ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் காய் நறுக்கும் வேலைக்குப் போனார். அது நான் பார்த்துக்கொடுத்த வேலை இல்லை. அவராகத் தேடிக்கொண்டது.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. என் மூச்சு நல்ல நாளில் முந்நூற்று முப்பது. மழைக்கு முன் குறையும். பொரித்த மிளகாய் வாசனைக்குக் குறையும். ஒரு காலத்தில் உடம்பு என்பது நான் நினைத்ததைச் செய்யும் ஒன்றாக இருந்தது. இப்போது காலையில் எழுந்ததும் அதனிடம் கேட்டுக்கொள்கிறேன். இன்று மாடி ஏறலாமா, இன்று பாட்டு வகுப்பு எடுக்கலாமா என்று. நான் மறுபடி ஆரோக்கியமானவள் ஆகவில்லை. என் அளவு தெரிந்தவளாக ஆகியிருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் பாக்கியம் அக்காவைப் பார்ப்பேன். எங்கள் இருவருக்கும் ஒரே நாள் வருகிறது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அதிகம் பேசமாட்டோம். தங்கையின் மூத்த மகன் படிப்பைப் பற்றிக் கேட்பேன், சொல்வார். என் கணவரை நலம் விசாரிப்பார். என்னை மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவர் மன்னித்ததாகச் சொல்லிவிடுவார், அவர் அப்படிப்பட்டவர். அதனால் கேட்பதில்லை.

போன முறை கிளினிக் முடிந்து இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். முந்நூறு அடிகூட இருக்காது. நான் முன்பெல்லாம் வேகமாக நடப்பவள், கூட வருகிறவர்களை விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று நடேசன் குறைசொல்வார். அக்கா நடுவில் ஒரு மரத்தடியில் நின்றார். நானும் நின்றேன். எனக்கு நிற்கத் தேவையில்லை. அவர் இடுப்பில் கையை ஊன்றி, உதட்டைக் குவித்து, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி மெல்ல மூச்சை வெளியே விட்டார். எங்கள் பஸ் வந்து நின்றது. காத்திருந்தவர்களை ஏற்றிக்கொண்டு போனது.

"நீங்க போயிருக்கலாம் டீச்சர்," என்றார்.

அடுத்த பஸ் வரட்டும் என்றேன். அவர் இன்னொரு மூச்சு விட்டார். பிறகு நடந்தோம்.